நம்ம ஆளுங்களுக்கு இல்லை

“தண்ணி போற குழாய்க்குள்ள சிமெண்ட ஊத்தி விட்டுரு அண்ணே. ரெண்டே மாசத்துல அந்த வீடு நாறணும்!” என்றாள் தங்கை ரோஷினி.

கார்த்திகேசு சுத்தியலையும் உளியையும் லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஜெலாப்பாங்கில் ஒரு வாடகை வீட்டின் இரண்டு பாத்ரூம்களையும் உடைத்துப் புதிதாகக் கட்டும் குத்தகை அவனுக்குக் கிடைத்திருந்தது. வீட்டுக்காரர் பெயர் பெத்தபெருமாள்.

போன மாதம் இதே வீட்டை வாடகைக்குக் கேட்டு ரோஷினி போன் செய்திருந்தாள். அவள் பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி அடுத்த தெருவில்தான். பெயரைக் கேட்டதுமே, “நம்ம ஆளுங்களுக்கு விடுறதில்லம்மா, சீனவங்களுக்கு மட்டும்தான்” என்று வைத்துவிட்டார் மனிதர். பெத்தபெருமாள் என்று பெயர் வைத்துக்கொண்டு சொல்கிற பேச்சா இது!

இன்னமும் அவள் ஒரு கடைவீட்டு மாடியில், ஒற்றை அறையில் கிடக்கிறாள். காலையில் பிள்ளைகளைக் குளிக்க வைக்க, மாடிக்கே பொதுவான பாத்ரூம் வாசலில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும்.

“எனக்கும் வயிறு எரியுது. அதுக்காக என் கை வேலைய நானே கெடுப்பனா? ஒரு வழி கெடைக்காமலா போயிரும்” என்று லோரியை எடுத்தான் கார்த்திகேசு.

பெத்தபெருமாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். கீழ் பாத்ரூமுக்கு வந்ததும் முகம் சுருங்கியது.

“இந்தக் கதவு நேரா சாமி மேடையப் பாக்குதுலா. எங்கப்பா காலத்து மேடை. அத மொதல்ல மாத்துங்க தம்பி.”

அவர் காட்டிய மூலையில் சாமியும் இல்லை, மேடையும் இல்லை. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன செருப்பு அலமாரிதான் இருந்தது.

“அப்ப கதவ இந்தப் பக்கம், முன் ஹாலப் பாத்த மாதிரி வச்சிரலாம் ஐயா.”

“அதான் வேலைக்கு நம்ம ஆளு வேணுங்கிறது! சாமி விசயம் சொல்லாமலே புரியுது பாருங்க. குடிவைக்கத்தான் முடியாது. சொவரெல்லாம் எண்ணெய், ரூமுக்கு ரூம் ஆளு. வீட்டையே நாசமாக்கிருவாங்க.”

கார்த்திகேசுவின் கையிலிருந்த சுத்தியல் அவர் தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கணம் யோசித்தது. நல்லவேளை, சுவரில் இறங்கியது.

அவர் போன பிறகு, டைல்ஸ் ஒட்டும் ஆ கியோங் அருகில் வந்தான். ஆயர் தாவார் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனன், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. புதுக் கதவுக்குப் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தான், நேரெதிரே வீட்டு வாசலைப் பார்த்தான், கார்த்திகேசுவின் காதில் ஏதோ சொன்னான்.

“அப்படியா? நல்லதாப் போச்சி. நீ உடை” என்றான் கார்த்திகேசு. அன்றைக்கு அவன் சிரித்தது அப்போதுதான்.

வேலை முடிந்தது. வழுக்காத டைல்ஸ், புது ஹீட்டர், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேங்காத தரை. பெத்தபெருமாள் வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டு, முதுகில் தட்டிக் கொடுத்தார். கைப்பேசியில் படங்களைப் பார்த்த ரோஷினிக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

“இவ்ளோ அழகா செஞ்சி குடுத்திருக்கியே, உனக்கு ரோசமே இல்லியா அண்ணே?”

“கொஞ்சம் பொறு” என்றான் அவன்.

ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்க மனம் வராத பெத்தபெருமாள், தாமே விளம்பரம் போட்டார். சீனக் குடும்பங்கள் நிறையவே வந்தன. வாடகை பிடித்திருந்தது, இடமும் பிடித்திருந்தது. அவர் கதவைத் திறந்துவிடுவார். அவர்கள் வாசற்படியில் நின்று நேராக உள்ளே பார்ப்பார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

“பாத்ரூம வந்து பாருங்க, புத்தம் புதுசு!” என்று இவர் மலாயில் கெஞ்சக் கெஞ்ச, “போன் பண்றோம் அங்கிள்” என்று காரில் ஏறிவிடுவார்கள். ஒரு போனும் வரவில்லை.

இதற்கிடையில் பக்கத்துத் தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டில் திருடர்கள் புகுந்து, ஒயர், குழாய் என்று உருவிக்கொண்டு போனார்கள். பெத்தபெருமாளுக்குத் தூக்கம் போயிற்று. கார்த்திகேசுவைக் கூப்பிட்டார்.

“நம்ம ஆளா இருந்தாலும் பரவால்ல தம்பி. நல்ல குடும்பமா இருந்தா சொல்லுங்கலா.”

“என் தங்கச்சி இருக்கா ஐயா. ஆனா ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுக்கணும்.”

மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

பால் காய்ச்சிய அன்று, அந்த மூலையில் செருப்பு அலமாரி போய், முருகன் படமும் விளக்கும் வந்திருந்தன. பிள்ளைகள் புதுப் பாத்ரூமை விட்டு வெளியே வரவே மாட்டோம் என்று தண்ணீரில் கும்மாளம் போட்டார்கள். ரோஷினி பால் தம்ளரை வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

“பேரக் கேட்டதும் போன வச்சிட்டீங்களே ஐயா, அது நாந்தான்.”

பெத்தபெருமாள் தம்ளரை வாங்கிக்கொண்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வடை தின்றுகொண்டிருந்த ஆ கியோங் பக்கம் திரும்பினார்.

“ஏன்லா, ஒங்க ஆளுங்க ஒருத்தருக்குக்கூட இந்த வீடு ஏன் புடிக்கல?”

ஆ கியோங் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கார்த்திகேசுவைப் பார்த்தான். கார்த்திகேசு நிதானமாகத் தம்ளரைக் கீழே வைத்தான்.

“டாய்லெட் கதவு வாசலப் பாத்தா காசு தங்காதுன்னு சீனவங்க யாரும் குடிவர மாட்டாங்க, அன்னிக்கே இவன் சொன்னான் ஐயா. நாந்தான் அங்கயே வைடான்னேன்.”