நீலக் கம்பளி நூல்

அக்கா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். இரண்டு பக்கமும் ஒரே நாளில் வைத்த செம்பருத்தி. அக்காவின் செடியில் இலையோரம் பழுப்பேறி, கிளைகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தன. தனியாக இருக்கும் தங்கையின் செடியோ, யாரோ எண்ணெய் தடவிவிட்டதுபோல் மினுமினுத்தது. பார்க்கப் பார்க்க அக்காவுக்கு வயிறு எரிந்தது.

நோய் கண்ட கிளைகளில் நீலக் கம்பளி நூல் கட்டி அடையாளம் வைத்தாள். பிறகு அத்தனையையும் நூலோடு வெட்டி, தகர டப்பாவில் போட்டுத் தன் கையாலேயே எரித்தாள்.

மறுநாள் காலையில் தங்கை சுவரோரம் வந்து கூப்பிட்டாள்.

"அக்கா, என் செடியில நூல் கட்டினது நீயா?"

பச்சைப்பசேலென்று தழைத்த கிளைகளில் நீல நூல் இருந்தது. இரட்டை முடிச்சு, அக்கா போடும் முடிச்சேதான்.

"கண்ணு பட்டுடக் கூடாதேன்னு கட்டினேன்," என்றாள் அக்கா.

தான் எரித்த கிளைகள் அங்கே தழைத்து நிற்கும் ஆத்திரமெல்லாம் வீட்டுக்காரர்மேல் திரும்பியது. அவர் பேப்பருக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தார்.

"உங்களால எனக்கு என்ன பிரயோஜனம்? எங்கேயாவது தொலைஞ்சு போங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தோட்டத்துக்கு வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், தங்கையின் அடுப்படியில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. கல்யாணமான புதிதில் தன்னிடம் சிரித்த அதே சிரிப்பு. நடுவில் ஓர் இருமல்கூட இல்லை.

அவள் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார், இருமிக்கொண்டு. ஜன்னல் வழியே சிரிப்பும் வந்துகொண்டுதான் இருந்தது.