கடைசிப் பாட்டு நின்ற இடம்

“அந்தப் பாட்டுத் தட்டைப் பத்திப் பேசத்தான் வந்தேன்னா, காபியைக் குடிச்சிட்டுக் கிளம்பு.”

தம்பி மகள் கிளம்பவில்லை. டம்ளரை நகர்த்திவிட்டு, மேசைமேல் ஒரு தாளையும் உள்ளங்கை அகல ஒலிபெருக்கி ஒன்றையும் வைத்தாள்.

பணி ஓய்வு பெற்று இருபது வருடம் தாண்டியும் பெரியவர் எல்லாருக்கும் சர்வேயர்தான். காடு மேடு அளந்த காலத்தில் தேயாமலிருக்கச் செருப்புக்கு லாடம் அடித்துக்கொண்டவர், இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வீட்டுக்குள்ளும் செருப்புத்தான். டக் டக்கென்று அந்தச் சத்தம் கேட்டால் ஒரு காலத்தில் வீடே வாயை மூடிக்கொள்ளும்.

“நாப்பத்தஞ்சு வருஷமாச்சு பெரியப்பா. இன்னும் அப்பாவோட ஆல்பத்தைத் தேடித் தேடிக் கேக்கறாங்க. இப்ப கம்பெனி திரும்ப வெளியிடுது. அட்டைப் படத்துல இருக்கற நம்ம கார் ஷெட் கதவைப் பனியன்ல அச்சடிச்சு மாட்டிக்கிட்டுத் திரியறாங்க, தெரியுமா?”

“தெரியாம என்ன? எங்க தாத்தா கட்டின வீடு. அதோட நம்பரைத் தட்டுக்குப் பேரா வச்சான் உங்கப்பன். ‘எட்டாம் நம்பர்’! கிதாரைத் தூக்கினவனெல்லாம் வாசல்ல வந்து போட்டோ எடுக்கறான். குடும்ப மானம் அன்னிக்கே கப்பலேறிடுச்சு.”

“போட்டோ எடுத்தா மானம் போயிடுமா?”

“உனக்கென்ன தெரியும்? ஒரு அங்குலம் கூட்டிச் சொன்னதில்ல, குறைச்சுச் சொன்னதில்ல. இந்த வாயில பொய்னு ஒண்ணு வந்ததில்ல. அப்படிக் கட்டிக் காத்த பேரு.”

அவள் தாளின் விளிம்பை விரலால் நீவினாள். “எல்லாரையும் கட்டிப் போட்டது அந்தக் கடைசிப் பாட்டுதான் பெரியப்பா. கிதார் ஏறிக்கிட்டே போகும்போது சட்டுனு நின்னு போகுது. முடிவே கிடையாது. அந்த மௌனத்துக்காகவே திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கறாங்க. அப்பாவும் கடைசிவரைக்கும் மேடையில அதே இடத்துலதான் நிறுத்தினார்.”

“மௌனமாவது மண்ணாங்கட்டியாவது! கரண்ட் போச்சு, அவ்வளவுதான். கூடத்துல என் மேலதிகாரி உக்காந்திருக்கார். ஷெட்டுல இவனும் மூணு தடியனுங்களும் இடி இடிக்கறானுங்க. மனுஷன் காதைப் பொத்திக்கறார். நான் கூனிக் குறுகி நிக்கறேன். நல்ல வேளை, கரண்ட் போச்சு. உங்கப்பன் வெளியே வந்தான். ‘பாத்தியாடா, கரண்டே உன்னை வேண்டாம்னுடுச்சு’ன்னேன். வாயைத் திறக்கலையே! தலையை ஆட்டிட்டுப் போனான். அடுத்த வாரம் வீட்டை விட்டே போயிட்டான்.”

இந்தக் கதையைச் சர்வேயர் எத்தனையோ கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறார். போன வருடம் தம்பியின் எழவு வீட்டில்கூட யாரோ கேட்கப் போய்ச் சொன்னார். சொன்ன இடத்திலெல்லாம் சிரித்தார்கள்.

இவள் சிரிக்கவில்லை.

“பேட்டியில யாரு கேட்டாலும் அப்பாவும் அதையேதான் சொன்னார். கரண்ட் போச்சுன்னு.”

“பின்னே?”

“கிதாரும் விளக்கும்தான், பெரியப்பா, வீட்டுக் கரண்ட்ல ஓடிச்சு. ரெக்கார்டர் பேட்டரியில ஓடியிருக்கு.”

சர்வேயரின் கை தன் டம்ளரைத் தேடியது. அது காலியாக இருந்தது.

“அப்பா பீரோவுல மூல டேப் கிடைச்சுது. தட்டு போட்டப்ப அந்தக் கடைசித் துண்டை அவரே வெட்டியிருக்கார். ஆனா தூக்கி எறியல. கம்பெனியில இரைச்சலெல்லாம் சுத்தம் பண்ணிக் குடுத்தாங்க. கிதார் நின்னதுக்கு அப்புறம் இன்னும் அரை நிமிஷம் இருக்கு. புதுசுல அதையும் சேக்கணும்கறாங்க. உங்களைக் கேக்காம சேக்க எனக்கு மனசு வரல. நீங்க கையெழுத்துப் போட்டாச் சேக்கட்டும். வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே அழிச்சிடறேன். யாருக்கும் தெரியாது.”

“அதுல அப்படி என்ன இருக்கு?”

அவள் ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினாள்.

கிதார் ஏறியது. ஏறி ஏறி, உச்சியைத் தொடப்போன நேரத்தில் அறுந்தது. ட்ரம்ஸ் இரண்டு அடி தடுமாறி ஓய்ந்தது. இருட்டில் யாரோ “ச்சே!” என்றார்கள். அப்புறம், ஷெட்டுச் சுவருக்கு வெளியே, தெளிவாக, டக், டக், டக்.

சர்வேயர் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“கதவிடுக்குல பாத்தேன்டா! எவனோ ஃப்யூஸைப் பிடுங்கிட்டுப் போறான். வாங்கடா, பிடிப்போம்!”

“உக்காருங்கடா.” தம்பியின் குரல். இருபத்திரண்டு வயதுக் குரல். “அது எங்கண்ணன். கூடத்துல அவரோட அதிகாரி இருக்கார். அவர் எதிர்ல அண்ணன் மானம் போயிடக் கூடாது. யாரு கேட்டாலும் கரண்ட் போச்சுன்னே சொல்லணும். எங்கண்ணனே வந்து சொன்னாலும், ஆமாண்ணான்னுதான் சொல்லணும்.”

பதிவு அங்கே முடிந்தது. தம்பி மகள் தலையைத் தூக்கவில்லை.

சர்வேயர் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் வெறுங்காலோடு உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்தார். தாளில் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே, வரைபடங்களில் ஒரு அங்குலம் பிசகாமல் எழுதிய அதே எழுத்தில் எழுதினார்: ‘அன்று மின்சாரம் போகவில்லை.’