ராஜாவின் குதிரை

"இந்தப் படத்துல நீங்க எங்கே இருக்கீங்க, ராஜா?"

சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி மனைவி கேட்டதும் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நாற்பத்திரண்டு வருடம் கட்டிக் காத்த பொய் இன்றைக்குச் சந்தி சிரிக்கப் போகிறது.

பழைய நாடகக் கொட்டகையைப் பழுதுபார்த்துக் கண்காட்சியாக மாற்றியிருந்தார்கள். அந்த நாடகக் கம்பெனி ஆட்களில் மிச்சம் இவர் ஒருவர்தான் என்று வீடு தேடி வந்து அழைத்தார்கள். முதுகுவலி என்று சொல்லிப் பார்த்தார். மனைவி விட்டால்தானே.

கல்யாணம் பேசி முடித்த அன்று, "நாடகத்துல உங்களுக்கு என்ன வேஷம்?" என்று அவள் கேட்டாள். இவர் வாய்க்கு வந்தபடி "ராஜா" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

உண்மையில் அவர் ராஜாவின் குதிரையில் பாதி. அதிலும் பின்பாதி. முன்னால் இருப்பவனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி, சாக்குத் துணிக்குள் பதினோரு வருடம். ஜனங்களின் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. கைதட்டல் மட்டும் கேட்கும். அதுவும் ராஜாவுக்குத்தான். பாட்டு வந்தால் இவருடைய இடது கால் தானாகத் தாளம் போடும். "குதிரைக்கு எதுக்குடா தாளம்?" என்று வாத்தியார் திட்டுவார். தெருவில் போனால், "வால் எங்கேப்பா?" என்று ஊரே கேலி செய்யும். பின்னங்கால்காரன் என்று சொன்னால் எவள் கழுத்தை நீட்டுவாள்?

விஷயம் தெரிந்த ஒரே ஆள் மாமனார். கம்பெனிக்கு உடை தைத்தவர். பெண்களை நாடகம் பார்க்க விடாத வீடு என்பது இவருக்குப் பெரிய நிம்மதி. "மாமா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மாமனார் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கடைசி வரை வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இவரை 'ராஜா' என்றே கூப்பிட்டாள். பிள்ளைகளுக்கு ராஜா வசனத்தைப் பேசிக் காட்டச் சொல்லி ரசித்தாள். பேசும்போதெல்லாம் இவருக்கு உள்ளுக்குள் முள்ளாகக் குத்தும்.

படத்தில் ராஜா ஆறடி. இவர் ஐந்தே கால். தப்பிக்க வழியே இல்லை.

கண்காட்சியைப் பார்த்துக்கொள்ளும் பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். "ஐயா, படத்துக்குக் கீழே எழுதி வைக்கணும். நீங்க எந்த வேஷம்?"

அந்த நேரம் பார்த்துக் கூடத்து மூலையில் கம்பெனியின் பழைய இசைத்தட்டு பாட ஆரம்பித்தது. ராஜா நாட்டைவிட்டுப் போகும் காட்சிப் பாட்டு. எத்தனை வருடம் ஆயிற்று. அவருக்குக் கண் கலங்கியது. செருப்புக்குள் இடது கால் அசைந்தது. அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"குதிரை," என்றார். "பின்னங்கால்."

மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தபடியே, "உன்னை ஏமாத்திட்டேன்மா," என்றார்.

அவள் மரச் சட்டத்தில் நிறுத்தியிருந்த பழைய குதிரை உடுப்பின் பக்கத்தில் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். இடது பின்னங்கால் குளம்பில் ஒட்டுமேல் ஒட்டு, எல்லாம் பச்சை நூலில். அதை விரலால் தடவினாள்.

"இது என் தையல். உடுப்பெல்லாம் வாரா வாரம் எங்க வீட்டுக்குத் தைக்க வரும். மத்த மூணு காலும் நல்லா இருக்கும், இது மட்டும் தேஞ்சு கிடக்கும். ஏன்னு அப்பாகிட்ட கேட்டேன். 'பாட்டு கேட்டா அந்தப் பையனுக்குக் கால் சும்மா இருக்காதும்மா'ன்னார். எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தப்ப, இந்தக் கால்காரரையே பாருங்கன்னு சொன்னதே நான்தான், ராஜா."