இருநூற்று நாற்பத்து நாலு அடி

மின்னி பே கரையில் இருந்த கடல்மட்டக் கருவி 244 அடி என்று காட்டியது. அதன் சிப்பை வடிவமைத்த ரூபா, டெலானிபூர் மேட்டு அலுவலகத்தில் உட்கார முடியாமல் நடந்தாள்.

போனில் அவள் கணவன் செந்தமிழன் சிரித்தான். “அரே, அவ்வளவு தண்ணி ஏறியிருந்தா நான் பேசிட்டு இருப்பேனா? கருவிகிட்டதான் நிக்கிறேன்.”

“சிரிக்காதீங்க. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்!” சிப்புக்காக எழுதிய வெரிலாக் நிரலை மறுபடி உருட்டினாள். “கிடைச்சிடுச்சு! கழித்தல்ல ஒரு எண்ணை மைனஸே இல்லாத வகையா எழுதிட்டேன். ஒண்ணு அப்படி இருந்தா மொத்தக் கணக்குமே அப்படி ஆயிடும். எட்டு பிட்டுல மைனஸ் வந்தா 256-லேர்ந்து கழிச்சுக் காட்டிடும். நிஜ விடை மைனஸ் பன்னெண்டு.”

“அப்பாடா! தண்ணி கீழதானே இருக்கு?”

“சைபர்ங்கறதே கடல் வழக்கமா வத்துற கடைசி மட்டம். அதுக்கும் பன்னெண்டு அடி கீழ...” பாதியில் நின்றாள்.

“அதான் இங்க கடல் உள்வாங்கின தரையில மீன் துள்ளுது. ஜனங்க இறங்கிப் பொறுக்கறாங்க.”

“மீனை விடச் சொல்லுங்க! எல்லாரையும் இழுத்துட்டு மேட்டுக்கு ஓடுங்க, சுனாமி!”