பழசே போதும்

"புது ஆபரேட்டிங் சிஸ்டம் வாங்கினா யார் வேணும்னாலும் ஓட்டலாமாம். விக்கிறவர் வெளிய காத்திட்டிருக்கார். வாங்கலாமா? நீங்க சொல்றதுதான் முடிவு" என்றார் மேனேஜர்.

கிடங்கின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். செலவென்றாலே மேனேஜருக்கு வயிற்றெரிச்சல். இன்றைக்கு அவர் மனம் குளிர்ந்தாக வேண்டும்.

"தண்டச் செலவு சார். பழசே கல்லு மாதிரி இருக்கு."

"அடிக்கடி நின்னுடுதாமே?"

"நிக்கும். வயரைப் பிடுங்கிட்டு, முதல்ல பிரிண்டரைப் போட்டு, அப்புறம் கம்ப்யூட்டரைப் போட்டா எழுந்துக்கும். அந்தச் சூட்சுமம் எனக்கு மட்டும்தான் தெரியும்."

மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பு. விற்க வந்தவரைத் திருப்பி அனுப்பினார்.

இதுதான் சமயமென்று ஆபரேட்டர் மெல்ல இழுத்தார். "சார், என் டிரான்ஸ்பர்... வீட்டுக்காரியும் பொண்ணும் ஊர்ல தனியா இருக்காங்க. இன்னிக்குக் கையெழுத்துப் போடறேன்னு சொன்னீங்க."

"உங்களை அனுப்பிட்டா வேலை நின்னுடக் கூடாதேன்னுதான் புதுசு வாங்கவே நினைச்சேன்." மேனேஜர் பேனாவை மூடினார். "நல்லவேளை, ரெண்டுமே வேண்டாம்னு ஆயிடுச்சு."

பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, மறுபடி நின்னுடுச்சு. நீங்கதான் வரணும்!"