அவர் பக்கத்தில் ஓரிடம்

"குழி வேணாம் மாமா. எரிச்சிடலாம்."

அங்கமுத்து தன் அக்கா மகள் வளர்மதியை நிமிர்ந்து பார்த்தார். ஐஸ் பெட்டிக்குள் அவருடைய அக்கா காத்தாயி படுத்திருந்தாள். விடியற்காலையில் அடங்கிய உயிர். மணி எட்டுகூட ஆகவில்லை, அதற்குள் வளர்மதி விறகுக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

"என்னம்மா பேசுற? நம்ம வகையறாவுல யார எரிச்சிருக்கோம்? உங்கப்பாவ மாதா கோயில் கல்லறையிலதான வச்சிருக்கு. பக்கத்துலயே எடம் கெடக்கு. அக்கா எத்தன வருசமா அதையே சொல்லிக்கிட்டிருந்துச்சு."

"எங்கிட்டயுந்தான் சொல்லிச்சு."

"அப்பறம் என்ன?"

"கேஸ் என்னாவுறது மாமா?"

ஊருக்கே தெரிந்த கேஸ்தான். செந்துறைக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சின்ன ஊராட்சியில் தலைவர் பதவி ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வளர்மதி பதினேழு ஓட்டில் ஜெயித்தாள். தோற்றுப்போன வெற்றிச்செல்வி அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள். நேராக அரியலூர் கோர்ட்டுக்குப் போய்விட்டாள். வளர்மதி கிறிஸ்தவர், சான்றிதழில் மட்டும் இந்து, ஆகவே அவர் போட்டியிட்டதே செல்லாது என்று வழக்கு. வளர்மதியுடைய அப்பாவின் கல்லறையைச் சிலுவையோடு போட்டோ பிடித்து ஆவணமாகவும் கொடுத்திருந்தாள். 'அப்பாவின் நம்பிக்கை அவரோடு போயிற்று. நானும் அம்மாவும் மாரியம்மனைத்தான் கும்பிடுகிறோம்' என்று வளர்மதி பதில் மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

சிலுவை போட்டால் சாதி போய்விடும் என்கிறது சட்டம். எங்கே, ஊருக்குள் போய் அதைச் சொல்லிப் பாருங்களேன். ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டு வருகிறவளுக்கும் டீக்கடையில் அதே பழைய மரியாதைதான். சலுகை மட்டும்தான் போகும்.

"பதவி போனாப் போவுதும்மா" என்றார் அங்கமுத்து.

"பதவி மட்டுமா மாமா? நான் கிறிஸ்டியன்னு தீர்ப்பாயிட்டா அடுத்து மஞ்சு சர்டிபிகேட்ல கை வைப்பாங்க. அதுலதான அவளுக்கு காலேஜ் சீட்டே கெடச்சுது. எம்மவ படிப்ப வுட்டுட்டு முந்திரிக்கொட்ட ஒடைக்கப் போவணுமா?"

"சரி, நம்ம சுடுகாட்டுலயே பொதைச்சிடுவோம். எரிக்கத்தான் வேணுமா?"

"பொதைச்சா, மாதா கோயில் சாமியார் வந்து குழிய மந்திரிச்சிட்டுப் போனாருன்னு நாளைக்கே சொல்லுவாங்க. எரிச்சிட்டா எவனும் வாயத் தொறக்க முடியாது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வளர்மதி பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அம்மாவின் கழுத்திலிருந்த செபமாலையை அவளே கழற்றினாள். அவளே நெற்றியில் திருநீறு பூசினாள். "மன்னிச்சுக்கம்மா" என்று வாய்விட்டே சொன்னாள். மாதா கோயிலில் துக்கமணி அடிக்கலாமா என்று சாமியார் ஆள் அனுப்பிக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவே முடியவில்லை.

உச்சி வெயிலில் சுடுகாட்டுக்கு வந்துவிட்டார்கள். பொம்பளை கொள்ளி வைக்கலாமா என்று கேட்கிற பெரிசுகள்கூட அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரே பிள்ளை, அதோடு தலைவர் வேறு. வறட்டியும் முந்திரி விறகும் அடுக்கி டீசலும் ஊற்றியாயிற்று. முகத்தை மூடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார் அங்கமுத்து. வளர்மதி பார்த்தாள். கோபமில்லாத முகம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்போது பஸ் நிறுத்தத்திலிருந்து வரும் வண்டிப்பாதையில் யாரோ ஓடி வருவது தெரிந்தது. வெற்றிச்செல்விதான். செல்போன் வைத்திருந்த கையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"பாத்தீங்களா மாமா. பொணத்தயும் வீடியோ எடுத்துக் கோர்ட்ல குடுக்க ஓடியாறா."

"சாவுக்கு வராம்மா. செத்தப் பொறு, என்னன்னு கேப்போம்."

"கேக்குறதுக்கு ஒண்ணுமில்ல. அவ வந்து சேரும்போது தீ எரியணும். நல்லா எடுத்துக்கட்டும். கொள்ளியக் குடுங்க."

வளர்மதி வைத்தாள். காய்ந்த விறகு, டீசல் வேறு. குப்பென்று நாலு பக்கமும் பிடித்துக்கொண்டது.

வெற்றிச்செல்வி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது கிட்டே போக முடியாத அளவுக்கு அனல். அவள் வீடியோ எடுக்கவில்லை. "ஐயோ பெரியம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நடிக்காதடி" என்றாள் வளர்மதி. "எரிச்சாச்சு. போயி உன் கோர்ட்ல சொல்லு."

"நேத்தே அரியலூர் போயிட்டேன்க்கா, இப்ப கோர்ட்லேருந்துதான் வரேன். வாபஸ் மனுவுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். வெளிய வந்து போனப் பாத்தாதான் சேதியே தெரிஞ்சுது. பஸ்லேருந்து எத்தன தடவ அடிச்சேன், நீ எடுக்கவேயில்ல."

"வாபஸா? நீயா?"

வெற்றிச்செல்வி தீயைப் பார்த்தபடியே சொன்னாள்.

"போன வாரம் பெரியம்மா எங்க வூட்டுக்கு வந்துச்சு. வேல முடியற வரைக்கும் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. 'கேஸ் இருந்தா, மனசு இருந்தாலும் எம்மவளால என்னைய அவரு பக்கத்துல வைக்க முடியாது, வாபஸ் வாங்கிடு தாயி'ன்னு எங்காலப் புடிச்சிருச்சுக்கா."