வேறொருவர் கணக்கில் சிக்ரிட்

அமெரிக்காவின் டுலூத் நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில், மாலை வகுப்பில் வரிக்கணக்கு படிக்கும் நாங்கள் ஊராருக்கு இலவசமாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம். எனக்கு எதிரே லாரி ஓட்டும் ஆர்விட் உட்கார்ந்திருக்கிறார்; அவருடைய பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் பரவுகிறது. பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் மகள் சிக்ரிட், காகிதக் கோப்பையின் விளிம்பை நகத்தால் கிள்ளுகிறாள். அவள் அவருடைய பராமரிப்பில் இருப்பதாகக் காட்டி நேற்று நான் அனுப்பிய அவருடைய வரிக்கணக்கை வரித்துறை ஏற்காமல் திருப்பியிருக்கிறது. அவளுடைய அடையாள எண்ணை நான்தான் தவறாக அடித்துவிட்டேனோ என்று அட்டையோடு மறுபடி ஒப்பிடுகிறேன். சரியாகத்தான் இருக்கிறது. "இவங்க பேரு ஏற்கெனவே வேற கணக்குல இருக்கு சார்." "இவ அம்மாதான்! பிரிஞ்சு போயும் இன்னும் என் பையில கைய விடுறா பாரு." ஆர்விட் உரக்கச் சிரிக்கிறார். பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கிறது. குழல்விளக்கு சன்னமாக ரீங்கரிக்கிறது. சிரித்துக்கொண்டிருந்தவரின் பார்வை மெல்ல மகள் பக்கம் போகிறது. "நீ ஏன்டி வாயே திறக்கல? நம்பரை நீதான் குடுத்தியா?" "அம்மா இல்லப்பா." கிள்ளிய துணுக்குகளை அவள் ஒரே குவியலாகச் சேர்க்கிறாள். "எரிக். அக்டோபர்ல கல்யாணம் பண்ணிக்கிட்டோம். ரெண்டு பேரும் சேந்தே கணக்கு அனுப்பிட்டோம்." ஆர்விட் அவளைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கி என்னைப் பார்க்கிறார். "இது ஒனக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?"